9. 'ர்' என்று முடிந்தால் மட்டும் போதாது

லத்தீன் படிக்கத் தொடங்கி நாலைந்து மாதம் ஆன ஒருவரிடம் 'லொக்வித்துர்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். செயப்பாட்டு வினையைச் சென்ற வாரம்தான் படித்திருப்பார். '-துர்' என்ற விகுதியைக் கண்டதும் 'பேசப்படுகிறான்' என்று எழுதிவிடுவார். அடுத்த வரியில் அந்தப் 'பேசப்படுகிறவன்' எழுந்து நின்று கூட்டத்துக்குப் பதில் சொல்லத் தொடங்குவான். பத்தி முழுவதும் குழம்பிப்போகும். லொக்வித்துர் என்றால் 'பேசுகிறான்', அவ்வளவுதான். அது டெபோனென்ட் வினை. செயப்பாட்டு வடிவத்தில் வந்து செய்வினைப் பொருள் தரும் வகை.

இந்தத் தவறுக்கு மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒழுங்கான வினை, ஒழுங்கற்ற வினை, டெபோனென்ட் வினை என்று மூன்றையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. பகுதியோடு விகுதி எப்படிச் சேர்கிறது என்று கேட்டால் கிடைக்கும் விடை ஒழுங்கு அல்லது ஒழுங்கின்மை. வடிவமும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டால் கிடைக்கும் விடை டெபோனென்ட். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒரு டெபோனென்ட் வினை முற்றிலும் ஒழுங்கானதாக இருக்கலாம். பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே எந்த வினையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். விடை தேட வேண்டிய இடம் ஒன்றே: அகராதியில் அந்த வினையின் தலைப்பு.

நமக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்று

'அவன் அடிக்கப்பட்டான்' என்றால் அடித்தவர் வேறொருவர். 'அவன் புறப்பட்டான்' என்றால் புறப்பட்டது அவனே. இரண்டிலும் 'பட்டான்' இருக்கிறது; ஆனாலும் எந்தத் தமிழரும் இரண்டாவதைச் செயப்பாட்டு வினையாக எடுத்துக்கொள்வதில்லை. கோபப்பட்டான், பயப்பட்டான், துன்பப்பட்டான் ஆகியவையும் அப்படியே. இனி லத்தீனைப் பாருங்கள். 'புறப்படு' என்பதற்கு ப்ரொஃபிக்கீஸ்கொர், 'கோபப்படு' என்பதற்கு ஈராஸ்கொர், 'பயப்படு' என்பதற்கு வெரெயொர், 'துன்பப்படு' என்பதற்குப் பத்தியொர். நான்கும் டெபோனென்ட் வினைகள். ஒருவனுக்கு உள்ளேயே நிகழ்ந்து அவனையே தொடும் செயல்களை இரு மொழிகளும் ஒரே மாதிரி பார்த்திருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஒப்புமையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'அடிக்க' என்ற எச்சத்தோடு 'படு' சேர்ந்தால் செயப்பாடு. புறம், கோபம், பயம் என்ற பெயரோடு சேர்ந்தால் செய்வினை. வடிவத்திலேயே ஒரு தடயம் கிடைத்துவிடுகிறது. லத்தீனில் அந்தத் தடயம் இல்லை. 'அமாத்துர்' (நேசிக்கப்படுகிறான்), 'ஹொர்த்தாத்துர்' (ஊக்குவிக்கிறான்) இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எது எது என்று உருவத்தைக் கொண்டு மட்டும் சொல்ல யாராலும் முடியாது.

டெபோனென்ட் என்ற பெயர் 'கீழே வை, களைந்து வை' என்று பொருள்படும் தேபோனெரெ என்ற வினையிலிருந்து வந்தது. வங்கியில் நாம் போடும் டெபாசிட்டும் அதே வினையின் பிள்ளைதான். இவை செயப்பாட்டுப் பொருளைக் களைந்து வைத்துவிட்ட வினைகள் என்று பழைய இலக்கண ஆசிரியர்கள் விளக்கினார்கள். மொழி வரலாறு அப்படிச் சொல்லவில்லை. களைவதற்கு இவற்றிடம் செயப்பாட்டுப் பொருளே இருந்ததில்லை. செய்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் இடைப்பட்ட ஒரு பழைய வகையின் மிச்சம் இவை. சமஸ்கிருதம் அறிந்தவர்கள் ஆத்மனேபதத்தை நினைத்துக்கொள்ளலாம். 'பின்தொடர்கிறேன்' என்ற ஸெக்வொர் சமஸ்கிருத 'சசதே'யோடும், 'இறக்கிறேன்' என்ற மொரியொர் 'ம்ரியதே'யோடும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. அங்கும் அவை ஆத்மனேபத வினைகள்.

தலைப்பைப் படிக்கும் முறை

வழக்கமான லத்தீன் வினைக்கு அகராதி நான்கு வடிவங்களைத் தரும். அமோ, அமாரெ, அமாவீ, அமாத்தும். முதலாவது 'நேசிக்கிறேன்', இரண்டாவது 'நேசிக்க', மூன்றாவது 'நேசித்தேன்', நான்காவது செயப்பாட்டு எச்சத்துக்கு அடிப்படை. டெபோனென்ட் வினைக்கு மூன்றே வடிவங்கள்: ஹொர்த்தொர், ஹொர்த்தாரீ, ஹொர்த்தாத்துஸ் ஸும். மூன்று வேறுபாடுகள் கண்ணில் படவேண்டும். முதல் வடிவம் 'ஓ' என்று முடியாமல் 'ஒர்' என்று முடிகிறது. இரண்டாவது 'ரெ' என்று முடியாமல் 'ஈ' என்று முடிகிறது. மூன்றாவது ஒற்றைச் சொல்லாக இல்லாமல் 'ஸும்' என்ற துணையோடு வருகிறது. லூயிஸ்–ஷார்ட் அகராதி (1879) போன்ற பெரிய அகராதிகள் வினைக்குப் பக்கத்தில் 'டெப்' என்ற சுருக்கத்தையும் போட்டுவிடும். ஆனால் சுருக்கக் குறியை நம்பிப் பழகாதீர்கள். வடிவத்தையே படித்துப் பழகுங்கள்.

இரண்டாவது வடிவம்தான் வகுப்பைச் சொல்கிறது. நான்கு வகுப்புகளின் எச்சங்கள்: அமாரெ, மொனேரெ, ரெகெரெ, அவுதீரெ. டெபோனென்ட்டில் இவற்றுக்கு இணையானவை: ஹொர்த்தாரீ, வெரேரீ, ஸெக்வீ, மென்தீரீ. மூன்றாம் வகுப்பைக் கவனியுங்கள். அங்கு 'ரீ' இல்லை, வெறும் 'ஈ' மட்டும் இருக்கிறது. ஸெக்வீ, லொக்வீ, மொரீ, பத்தீ எல்லாம் இப்படித்தான். வாக்கியத்தில் இவற்றைப் பெயர்ச்சொல்லாக நினைத்துத் தடுமாறாதவர்கள் குறைவு. நான்கு எழுத்தில் அடங்கிவிடும் குட்டிச்சொல் 'ஈ' என்று முடிந்து வாக்கியத்தில் பொருந்தாமல் நின்றால், முதலில் டெபோனென்ட் எச்சமா என்று பாருங்கள்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. மொனேரெ, ரெகெரெ இரண்டுக்கும் இடையில் இருப்பது ஏ–எ வேறுபாடு மட்டுமே. லத்தீன் நூல்களில் உயிரெழுத்தின் மேல் இடும் சிறு கோடுதான் அதைக் காட்டும். பல பதிப்புகளில் அந்தக் கோடும் இருக்காது. நமக்கோ குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்துகள். எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டை இன்றைய வடிவில் எழுத்தில் நிலைநாட்டியவராகப் போற்றப்படும் வீரமாமுனிவர் (1680–1747), கொடுந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதியவர். அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இரு மொழிகளின் நெடுமையையும் காதால் அறிந்திருந்த அவர் வழியே வந்த எழுத்தை நாமும் பயன்படுத்திக்கொள்வோம். குறிப்பேட்டில் ஒவ்வொரு லத்தீன் வினையின் பக்கத்திலும் தமிழ் எழுத்தில் அதன் ஒலியை எழுதி வையுங்கள். 'அவுதியோ, அவுதீரெ' என்றால் கேட்கிறேன். 'அவுதெயோ, அவுதேரெ' என்றால் துணிகிறேன். தமிழில் எழுதியவருக்கு இந்த இரண்டும் ஒருபோதும் குழம்பாது.

அகராதி கையில் இல்லாதபோது

தேர்வறையில் அகராதி இருக்காது. அப்போது வாக்கியமே சாட்சி சொல்ல வேண்டும். நமது 'ஐ' உருபையும் 'ஆல்' உருபையும் கொண்டு ஒரு சோதனை செய்யலாம். 'மாத்தெர் புவெல்லம் ஹொர்த்தாத்துர்': புவெல்லம் என்பது 'சிறுமியை'. செயப்படுபொருள் இருப்பதால் இது செயப்பாட்டு வினையாக இருக்க இடமில்லை. தாய் சிறுமியை ஊக்குவிக்கிறாள். 'புவெல்லா ஆ மாத்ரெ அமாத்துர்': 'ஆ மாத்ரெ' என்பது 'தாயால்'. ஆகவே சிறுமி தாயால் நேசிக்கப்படுகிறாள். 'ஐ' தெரிந்தால் டெபோனென்ட், செய்பவரைக் காட்டும் 'ஆல்' தெரிந்தால் செயப்பாடு என்பது பத்தில் எட்டு இடங்களில் கைகொடுக்கும் என்பது என் அனுபவம்.

கைகொடுக்காத இடங்களும் உண்டு. இறப்பது, பிறப்பது, புறப்படுவது ஆகிய வினைகளுக்குச் செயப்படுபொருளே கிடையாது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். இன்னொரு பொறி, ஊத்தொர் (பயன்படுத்து), ஃப்ருவொர் (அனுபவி), ஃபுங்கொர் (கடமையாற்று), பொத்தியொர் (கைப்பற்று), வெஸ்கொர் (உண்) என்ற ஐந்து வினைகள். இவை 'ஐ' வேற்றுமையை ஏற்காமல், 'ஆல்' பொருளுக்கு உரிய வேற்றுமையை ஏற்கும். 'கிளாதியோ ஊத்தித்துர்' என்பதை 'வாளால் பயன்படுத்தப்படுகிறான்' என்று எழுதி மதிப்பெண் இழந்த மாணவர்கள் பலர். அது 'வாளைப் பயன்படுத்துகிறான்'. இந்த ஐந்தையும் இன்றே ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிடுங்கள்.

ஏவல் வடிவமும் ஏமாற்றும். 'ஹொர்த்தாரெ' என்று கண்டால் முதல் வகுப்பின் எச்சம் என்று கை தானாக எழுதும். ஆனால் ஹொர்த்தோ என்ற தலைப்பு அகராதியில் இல்லை. ஆகவே இது 'ஊக்குவி!' என்ற ஏவல். 'ஸெக்வெரெ' என்பதும் 'பின்தொடர்!' தான்.

இறந்தகாலத்தில் டெபோனென்ட் வினைகள் தரும் ஒரு பெரிய நன்மையைச் சொல்லியாக வேண்டும். வழக்கமான லத்தீன் வினையில் 'நேசித்து', 'பேசி', 'கேட்டு' என்பது போன்ற இறந்தகாலச் செய்வினை எச்சம் கிடையாது. 'அமாத்துஸ்' என்றால் 'நேசிக்கப்பட்ட' மட்டுமே. 'நேசித்துவிட்டு' என்று சொல்ல லத்தீன்காரர் சுற்றி வளைக்க வேண்டும். டெபோனென்ட்டில் மட்டும் 'லொக்கூத்துஸ்' என்றால் நேரடியாக 'பேசி', 'பேசிவிட்டு'. 'ப்ரொஃபெக்துஸ்' என்றால் 'புறப்பட்டு'. எச்சத்தின் மேல் எச்சம் அடுக்கி வாக்கியம் கட்டும் நமக்கு இது பிறந்த வீட்டுக்குப் போனது போல. பால் வேறுபாடும் இங்கே கூட வரும்: 'லொக்கூத்துஸ் எஸ்த்' பேசினான், 'லொக்கூத்தா எஸ்த்' பேசினாள்.

பாதி வழியில் மாறுகிறவை

அவுதெயோ (துணிகிறேன்), கவுதெயோ (மகிழ்கிறேன்), ஸொலெயோ (வழக்கமாகச் செய்கிறேன்), ஃபீதோ (நம்புகிறேன்) என்ற நான்கும் நிகழ்காலத்தில் சாதாரண வினைகளைப் போலவே நடக்கும். இறந்தகாலம் வந்ததும் டெபோனென்ட் ஆகிவிடும்: அவுஸுஸ் ஸும், காவீஸுஸ் ஸும், ஸொலித்துஸ் ஸும், ஃபீஸுஸ் ஸும். தலைப்பில் முதல் இரண்டு வடிவங்களை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுபவர்களுக்கு இவை பிடிபடாது. மூன்றாவதையும் படியுங்கள். நான்கே வினைகள், ஆனால் எந்த லத்தீன் உரைநடையிலும் ஓயாமல் வருபவை.

ஒழுங்கற்றவை என்று தவறாகப் பழிக்கப்படுபவை

ரெகோ, ரெகெரெ, ரேக்ஸீ, ரேக்தும். கனோ, கனெரெ, கெக்கினீ, கன்தும். அகோ, அகெரெ, ஏகீ, ஆக்தும். மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் மாணவர்கள் கேட்கும் கேள்வி: இவையெல்லாம் ஒழுங்கற்ற வினைகள்தானே? இல்லை. தமிழில் பாடு பாடினேன், நட நடந்தேன், கேள் கேட்டேன், செய் செய்தேன் என்று இறந்தகாலப் பகுதி நாலு விதமாக வருகிறது. அதற்காக 'கேள்' ஒழுங்கற்ற வினை என்று நாம் சொல்வதில்லை. கேட்டேன் தெரிந்தால் போதும். கேட்டான், கேட்டாள், கேட்டார்கள் தானாக வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வினைகளுக்குப் பக்கத்தில் எண் போட்டு 13 வகையாகப் பிரித்திருப்பதும் இதற்காகவே. லத்தீனிலும் கெக்கினீ தெரிந்தால் கெக்கினிஸ்தீ, கெக்கினித் என்று மற்றவை வரிசையாக வரும். மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரு வடிவம்தான். அகராதி நான்கு வடிவங்களைத் தருவதே இந்த மாற்றங்களுக்காகத்தான்.

உண்மையிலேயே ஒழுங்கற்றவை

இவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸும் (இருக்கிறேன்), பொஸ்ஸும் (முடிகிறது), வொலோ (விரும்புகிறேன்), நோலோ (விரும்பவில்லை), மாலோ (இதைவிட அதை விரும்புகிறேன்), ஃபெரோ (சுமக்கிறேன்), எயோ (போகிறேன்), ஃபீயோ (ஆகிறேன்), எதோ (உண்கிறேன்). அடையாளம் மறுபடியும் இரண்டாவது வடிவம்தான்: எஸ்ஸெ, பொஸ்ஸெ, வெல்லெ, நோல்லெ, மால்லெ, ஃபெர்ரெ. வழக்கமான எச்சத்தில் 'ரெ'க்கு முன்னால் ஓர் உயிரெழுத்து இருக்கும். இவற்றில் இருக்காது, மெய் மெய்யோடு மோதி நிற்கும்.

இதற்குக் காரணம் உண்டு. லத்தீன் எச்சத்தின் பழைய விகுதி '-ஸெ'. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்த 'ஸ்' காலப்போக்கில் 'ர்' ஆனது. அப்படித்தான் அமாரெ பிறந்தது. 'எஸ்' என்ற பகுதியோடு நேராகச் சேர்ந்தபோது எஸ்ஸெ என்றே நின்றது. 'வெல்' என்ற பகுதியோடு சேர்ந்து வெல்லெ, 'ஃபெர்' என்ற பகுதியோடு சேர்ந்து ஃபெர்ரெ. ஆக எச்ச வடிவத்தைப் பொறுத்தவரை இந்த வினைகள் விதியை மீறவில்லை. பழைய விதியைக் காத்து வைத்திருக்கின்றன.

இவற்றின் ஒழுங்கின்மை நிகழ்காலப் பகுதியோடு நின்றுவிடும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஃபெரோவின் இறந்தகாலம் துலீ. முதல் வடிவத்துக்கும் இதற்கும் ஒலியில் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஏனெனில் வேறொரு மூலத்திலிருந்து வந்து சேர்ந்தது. ஆனால் துலீ, துலிஸ்தீ, துலித் என்று அது நடக்கும் நடை அமாவீயின் நடையேதான். ஃபுயீ, பொத்துயீ, வொலுயீ எல்லாமும் அப்படியே. தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி பாதியாகக் குறைந்துவிட்டது, பாருங்கள். நாலாவது வடிவமான லாத்தும் என்பதும் ஃபெரோவோடு ஒலி ஒட்டாதது. அலுவலகத்தில் நாம் சொல்லும் 'டிரான்ஸ்ஃபர்' இந்த வினையின் முதல் வடிவத்திலிருந்தும், 'டிரான்ஸ்லேஷன்' நாலாவது வடிவத்திலிருந்தும் வந்தவை.

முதல் வடிவத்தை மட்டும் பார்த்தால் எவ்வளவு பெரிய தவறு நேரும் என்பதற்கு வொலோ நல்ல உதாரணம். வொலோ, வெல்லெ, வொலுயீ என்றால் 'விரும்புகிறேன்', ஒழுங்கற்றது. வொலோ, வொலாரெ, வொலாவீ என்றால் 'பறக்கிறேன்'. முதல் வகுப்பைச் சேர்ந்த ஒழுங்கான வினை. அதுபோல எஸ்ஸெ 'இருக்க', ஏஸ்ஸெ 'உண்ண'.

தோ, தரெ, தெதீ, தத்தும் என்ற வினைக்கு 'கொடு' என்று பொருள். முதல் வகுப்பைச் சேர்ந்தது, ஆனால் 'தாரெ' என்று நீளாமல் 'தரெ' என்று குறுகும். நமது 'தர' என்ற சொல்லைக் கொண்டு நினைவில் வைக்கலாம். இந்த ஒற்றுமை தற்செயலானது; இரண்டுக்கும் உறவு கற்பித்துப் பேச வேண்டாம்.

ஃபீயோவுக்கு மட்டும் தனிப் பத்தி தேவை. ஃபீயோ, ஃபியெரீ, ஃபக்துஸ் ஸும். இரண்டாவதும் மூன்றாவதும் டெபோனென்ட் போலத் தோன்றும். ஆனால் முதல் வடிவம் 'ஓ' என்று முடிகிறது. பொருளோ 'ஆகிறேன், செய்யப்படுகிறேன்'. நிகழ்காலத்தில் இது டெபோனென்ட்டுக்கு நேர் எதிர்: செய்வினை வடிவம், செயப்பாட்டுப் பொருள். ஃபக்கியோ (செய்கிறேன்) என்ற வினையின் செயப்பாட்டு வடிவமாக நின்று வேலை செய்வதே இதன் பணி. ஒழுங்கற்றவற்றின் வரிசையிலேயே வையுங்கள்.

பயிற்சி

கீழே ஐந்து தலைப்புகள். விடையைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: வடிவமும் பொருளும் ஒத்துப்போகின்றனவா? பகுதியும் விகுதியும் வகுப்பு விதிப்படி சேர்கின்றனவா?

அர்பித்ரொர், அர்பித்ராரீ, அர்பித்ராத்துஸ் ஸும் (கருது).
தங்கோ, தங்கெரெ, தெத்திகீ, தாக்தும் (தொடு).
ரெதெயோ, ரெதீரெ, ரெதியீ, ரெதித்தும் (திரும்பி வா).
ஸொலெயோ, ஸொலேரெ, ஸொலித்துஸ் ஸும் (வழக்கமாகச் செய்).
ஒரியொர், ஒரீரீ, ஒர்த்துஸ் ஸும் (எழு, உதி).

முதலாவது டெபோனென்ட், முதல் வகுப்பு, முற்றிலும் ஒழுங்கானது. தங்கோ சாதாரண மூன்றாம் வகுப்பு வினை; தெத்திகீயைக் கண்டு பயப்பட வேண்டாம். ரெதெயோவை நான்காம் வகுப்பு என்று எழுதியிருந்தால் திரும்பிப் பாருங்கள். நான்காம் வகுப்பின் முதல் வடிவம் 'இயோ' என்று முடியும், அவுதியோ போல. 'எயோ' என்று தொடங்கி 'ஈரெ' என்று தொடர்வது, பெரும்பாலும் 'போ' என்ற எயோவும் அதன் முன்னொட்டுப் பிள்ளைகளும்தான். ஆகவே இது ஒழுங்கற்றது. ஸொலெயோ பாதி டெபோனென்ட்.

ஒரியொரில் பலர் தவறுவார்கள். டெபோனென்ட் என்பது எளிதில் தெரியும். எச்சம் ஒரீரீ என்று நான்காம் வகுப்பைக் காட்டும். ஆனால் 'எழுகிறான்' என்பது 'ஒரித்துர்' என்று மூன்றாம் வகுப்பைப் போலக் குறுகி வரும். டெபோனென்ட்டாகவும் சற்றே ஒழுங்கு பிறழ்ந்ததாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் வினை இது. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். இதன் நிகழ்கால எச்சம் ஒரியேன்ஸ், 'எழுகிற'. சூரியன் எழும் திசை என்பதால் கிழக்குக்கும் லத்தீனில் அதுவே பெயர்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன், உங்கள் பாடநூலின் சொற்பட்டியலில் 'ஒர்' என்று முடியும் வினைகளை எல்லாம் தேடி, மூன்று வடிவங்களையும் வாய்விட்டுச் சொல்லி, தமிழ் எழுத்தில் எழுதி முடித்துவிடுங்கள்.